லிப்ரேஆபிஸ் நிறுவியாச்சு, மெனுவில் மட்டும் காணோமா?

லினக்ஸில் லிப்ரேஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைப் போட்டுவிட்டு "மெனுவில் வரவில்லை, கோப்பைத் தட்டினால் திறக்கவில்லை" என்று என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக ஏற்கெனவே அதை நீக்கி, மறுபடி நிறுவி, சலித்துப்போய்த்தான் வருவார்கள். மென்பொருளை வட்டில் இறக்குவது ஒரு வேலை. டெஸ்க்டாப்புக்கு அதை அறிமுகப்படுத்துவது வேறொரு வேலை. கோளாறு எதில் என்று பார்க்காமல் மறுபடி நிறுவினால் பொழுதுதான் போகும்.

முதலில் டெர்மினலிலிருந்து, அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்திலிருந்து, ஓட்டிப் பாருங்கள். லிப்ரேஆபிஸ் தளத்திலிருந்து டெப் தொகுப்பை (டெபியன், உபுண்டு வகை லினக்ஸுக்கான நிறுவல் கோப்புகள்) இறக்கி நிறுவியிருந்தால் அது கோப்புறைகளுக்கெல்லாம் மேலான ரூட்டில் உள்ள 'ஆப்ட்' கோப்புறைக்குள் பதிப்பு எண்ணோடு உட்கார்ந்திருக்கும். கட்டளையும் எண்ணோடு சேர்ந்ததுதான். 24.8 பதிப்பைப் போட்டுவிட்டு எண் இல்லாமல் வெறும் பெயரை அடித்தால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்றுதான் பதில் வரும். சந்தேகமாக இருந்தால் அந்தக் கோப்புறையில் 'ப்ரோக்ராம்' என்பதற்குள் போய் 'எஸ்ஆபிஸ்' கோப்பை நேரடியாக ஓட்டுங்கள். சாளரம் திறந்துவிட்டதா? சரி, நிறுவலில் குறை இல்லை. மீதியெல்லாம் டெஸ்க்டாப் விவகாரம்.

இறக்கிய தொகுப்பைப் பிரித்தால் 'டெப்ஸ்' கோப்புறையில் ஏகப்பட்ட டெப் கோப்புகள் இருக்கும். அவற்றில் பெயரில் 'டெபியன்-மெனுஸ்' என்று வரும் ஒன்றுதான் மெனு ஐகான்களைப் போடுகிறது. பழைய பதிப்புகளில் அது 'டெஸ்க்டாப்-இன்டக்ரேஷன்' என்ற உள் கோப்புறையில் தனியாகக் கிடந்தது. பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்கிறவர்கள் இன்றும் அந்தக் கோப்புறையைத் தேடித் திண்டாடுகிறார்கள். இப்போது எல்லா டெப்களும் ஒரே இடத்தில்தான். டெப் கோப்புகளை நிறுவும் 'டிபிகேஜி' கட்டளையில் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக நிறுவினால் அதுவும் சேர்ந்துவிடும்.

அப்படியும் ஐகான் வரவில்லை என்றால் வீட்டுக் கோப்புறையைக் கிளறுங்கள். மறைந்திருக்கும் '.லோக்கல்' என்பதில் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்'. பழைய டெஸ்க்டாப் கோப்பு, அதாவது மெனு ஐகான் எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் கோப்பு, ஏதாவது அங்கே தங்கியிருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், கணினிக்குப் பொதுவானதை விட வீட்டில் இருப்பதற்குத்தான் முன்னுரிமை. அதை எடிட்டரில் திறந்து 'எக்ஸெக்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். நீங்கள் எப்போதோ நீக்கிய பதிப்பின் பாதையை அது காட்டிக்கொண்டிருந்தால், புதிதாக எதைப் போட்டாலும் பயனில்லை. அந்தக் கோப்பை அங்கிருந்து நகர்த்துங்கள்.

கோப்பை இருமுறை தட்டியும் திறக்காததற்கும் பெயர்தான் காரணம். டிஸ்ட்ரோவின் (உங்கள் லினக்ஸ் வகை தரும்) பதிப்பு, தளத்திலிருந்து இறக்கிய பதிப்பு, பல லினக்ஸ் வகைகளுக்கும் பொதுவான பிளாட்பேக் பதிப்பு மூன்றுக்கும் டெஸ்க்டாப் கோப்பின் பெயர் வேறுவேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், எந்த வகைக் கோப்பை எது திறக்கும் என்று குறித்துவைக்கும், வீட்டின் '.கான்ஃபிக்' கோப்புறையில் உள்ள 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருக்கலாம். கோப்பின் மேல் வலது சொடுக்கி, 'இதனுடன் திற' என்பதில் புதியதை இயல்பிருப்பாக்கினால் தீர்ந்தது. ஓடிடி, டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என ஒவ்வொரு வகைக்கும் தனியாகச் செய்ய வேண்டும். அதற்குக் குறுக்குவழி தேடாதீர்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் டிஸ்ட்ரோ தரும் பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி. புதிய வசதி ஒன்று கட்டாயம் தேவை என்றால் மட்டும் வெளியே போகலாம். எதுவானாலும் ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஸ்னாப் (உபுண்டுவின் பொதி முறை) பதிப்பு என்றால் இன்னொன்று: வீட்டில் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகளை அது படிக்காது. அங்கே வைத்த கோப்பு திறக்கவில்லை என்றால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம்.

சாளரம் ஓட்டைக் கணினிபோலச் சாம்பல் நிறத்தில் வருகிறதா? உதவி மெனுவில் 'பற்றி' என்பதைத் திறந்து 'விசிஎல்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'எக்ஸ்11' என்று இருந்தால் டெஸ்க்டாப்புக்கான இணைப்புப் பொதி விடுபட்டிருக்கிறது. டிஸ்ட்ரோ பதிப்பு என்றால் க்னோம் டெஸ்க்டாப்புக்கு 'ஜிடிகே3' பொதியையும், கேடிஇ டெஸ்க்டாப்புக்கு அதற்கானதையும் நிறுவுங்கள்.

திறந்ததும் மூடிக்கொண்டால் மட்டுமே பயனர் சுயவிவரத்தைத் தொடுங்கள். '.கான்ஃபிக்' கோப்புறையில் 'லிப்ரேஆபிஸ்', அதற்குள் '4'. பதிப்பு எண் எவ்வளவோ ஏறியும் அந்த 4 மாறவில்லை. உள்ளே இருக்கும் 'யூசர்' கோப்புறையை அழிக்காதீர்கள், பெயரை மாற்றி வையுங்கள். நீங்கள் சேர்த்த சொற்களும் வார்ப்புருக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. பிரச்சினை தீர்ந்தபின் தேவையானதை மட்டும் எடுத்துப் புதிய கோப்புறையில் போட்டுக்கொள்ளலாம்.