அச்சில் ஊதாவாக மாறிய நேவி ப்ளூ: என் அனுபவம்

திரையில் அழகான நேவி ப்ளூ. ஆஃப்செட்டில் அச்சாகி வந்த விசிட்டிங் கார்டோ கத்தரிப்பூ நிறம். பல நாட்களைத் தின்ற இந்தத் தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது, நிம்மதி.

முதலில் மானிட்டரை காலிபரேட் செய்தேன், அதாவது திரை நிறங்களைச் சரியாகக் காட்டும்படி அளந்து பொருத்தினேன். அச்சில் அதே ஊதா. வேறு அச்சகத்தில் கேட்டுப் பார்த்தேன், அங்கும் அப்படியே. சரி, கறுப்பைக் கூட்டினால் அடங்கும் என்று கூட்டினேன். நிறம் இருண்டதே தவிர ஊதாச் சாயல் போகவில்லை.

அப்புறம்தான் சிஎம்ஒய்கே எண்களைப் பார்த்தேன். அச்சின் நான்கு மைகளான சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்பதே அந்த எண்கள். ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவுகளில்) 0, 0, 128 என்ற நேவியை மென்பொருள் தானாக மாற்றும்போது சயான் 100, மெஜந்தாவும் கிட்டத்தட்ட 100 என்று வைக்கிறது. இரண்டு மையும் சம அளவில் சேர்ந்தால் தாளில் ஊதாதான் வரும். மெஜந்தா, சயானைவிடக் குறைந்தது 30 கீழே இருக்க வேண்டும். சயான் 100, மெஜந்தா 65, மஞ்சள் 0, கறுப்பு 50 என்று கையால் போட்டேன். சுத்தமான நேவி வந்தது.

பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. ஃபைலை சிஎம்ஒய்கேயில் வைத்திருந்தாலும், நிறத்தை ஹெக்ஸ் குறியீடாக (#000080 போன்ற திரை நிறக் குறியீடாக) ஒட்டினால் மென்பொருள் மறுபடி தானே மாற்றி மெஜந்தாவை ஏற்றிவிடும். பின்னணி சரியாகி, லோகோ மட்டும் ஊதாவாகவே நின்றது இதனால்தான். நான்கு எண்களையும் மென்பொருளில் ஸ்வாட்ச்சாக (திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் நிறமாக) சேமித்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். ப்ரூஃபை (மொத்தமாக அச்சிடும் முன் தரும் மாதிரி அச்சை) பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கில் நேவி கறுப்பாகவே தெரியும்.