கூலன்ட் மாத்தியாச்சு, ஏர் லாக் எடுத்தாச்சா?

போன வருஷம் ஏற்காடு ஏறும்போது நடந்தது. ரெண்டு நாள் முன்னாடிதான் ஒரு ஒர்க்ஷாப்ல ரேடியேட்டர் ஹோஸ் புதுசு போட்டு கூலன்ட் (எஞ்சின் சூட்டத் தணிக்கிற திரவம்) ஊத்திக் குடுத்தாங்க, சேலத்துல கிளம்பும்போது கூலன்ட் டப்பாவப் பாத்தா மேக்ஸ் கோடு வரைக்கும் நிக்குது, சரின்னு ஏறிட்டோம். 20 கொண்டை ஊசி வளைவுல ஏழெட்டு தாண்டியிருப்போம், டெம்பரேச்சர் முள்ளு சர்ருனு மேல போகுது, கீழ வருது, திரும்ப மேல போகுது, டேஷ்போர்டுக்குப் பின்னாடி குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி களகளன்னு சத்தம். ஹீட்டர ஃபுல் சிவப்புக்குத் திருப்பினேன், எஞ்சின் கொதிக்குது ஆனா வர்ற காத்து ஜில்லுனு இருக்கு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஹீட்டர் கோர்ல, அதாவது வண்டிக்குள்ள சூடு குடுக்குற குட்டி ரேடியேட்டர்ல, கூலன்ட் இல்ல, காத்துதான் அடைச்சுக்கிட்டு நிக்குது, இதத்தான் ஏர் லாக்னு சொல்றது. உடனே ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணிட்டோம்.

டப்பா நிறைஞ்சிருந்தா உள்ள எல்லாம் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம் இல்லங்க, இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எதக் கழட்டினாலும் உள்ள காத்து போகும், போன காத்து உசரமான இடத்துல, அதாவது சிலிண்டர் ஹெட் (எஞ்சினோட மேல் பாகம்), தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட ரேடியேட்டருக்கு விடுற வால்வு) அடி, ஹீட்டர் பைப் இங்கெல்லாம் போய் உக்காந்துக்கும். வாட்டர் பம்ப் தண்ணியத்தான் தள்ளும், காத்து வந்துட்டா சும்மா சுத்தும். சென்சார் கூலன்ட்ல முங்காம காத்துல நின்னா முள்ளு காட்டுறத நம்ப முடியாது, எஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கும்போது முள்ளு நார்மல்னு சொல்லும். அப்படியே ஓட்டினா ஹெட் வளைஞ்சு அதுக்கு அடில இருக்குற சீல், அதாவது கேஸ்கெட், போயிடும், ஒரு மணி நேர வேலை பெரிய செலவுல போய் முடியும்.

இந்தக் காத்த எப்படி வெளிய எடுக்குறதுன்னு சொல்றேன். முதல்ல எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும், ராத்திரி நிறுத்திட்டு காலைல செய்றது உத்தமம். ரேடியேட்டர் மூடி உள்ள கிட்டத்தட்ட 1 பார் பிரஷர புடிச்சு வச்சிருக்கும், அதனாலதான் 100 டிகிரி தாண்டியும் கூலன்ட் கொதிக்காம இருக்குது, சூட்டுல மூடியத் திறந்தா அந்த நொடியே ஆவியாகி மூஞ்சிலயும் கையிலயும் அடிக்கும். துணி போட்டுத் திறக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

வண்டிய மூக்கு மேல இருக்குற மாதிரி நிறுத்துங்க, வீட்டு வாசல் சாய்தளமே போதும், ஹேண்ட்பிரேக் போட்டு பின் சக்கரத்துக்குக் கல்லு வைங்க. ரேடியேட்டர் வாய்ல ஒரு புனல் இறுக்கமா உக்காரணும், இதுக்குன்னே சிந்தாத புனல் செட் விக்குது, இல்லன்னா ஒரு லிட்டர் பாட்டில அடிய வெட்டிட்டு கழுத்துல துணி சுத்திச் சொருகுங்க. புனல்ல நிக்கிற கூலன்ட்தான் சிஸ்டத்துலயே உசரமான இடமா இருக்கணும், காத்து அதத் தேடித்தான் வரும்.

அடுத்தது ஹீட்டர். நம்ம ஊர் வெயில்ல அந்தக் குமிழத் தொடவே மாட்டோம், ஆனா நிறைய வண்டில ஹீட்டருக்குப் போற லைன்ல வால்வு இருக்கு, அது மூடியிருந்தா அங்க இருக்குற காத்து வெளிய வரவே வராது. அதனால ஃபுல் சிவப்பு, புளோவர் ஒண்ணாம் நம்பர், ஏசி ஆஃப். ஏசி போட்டா ரேடியேட்டர் ஃபேன் அதுக்காகவே ஓடும், எஞ்சின் சூட்டுக்கு எப்ப ஓடுதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

இப்ப மெதுவா ஊத்துங்க, ஊத்திக்கிட்டே மேல் ஹோஸ அமுக்கி அமுக்கி விடுங்க, புனல்ல குபுக் குபுக்குன்னு குமிழி வரும். சில வண்டில தெர்மோஸ்டாட் ஹவுசிங்லயோ ஹீட்டர் ஹோஸ்லயோ பிளீடர் ஸ்க்ரூ (காத்த வெளிய விடுற திருகு) இருக்கும், எஞ்சின் ஆறியிருக்கும்போதே அத லேசா லூஸ் பண்ணுங்க, முதல்ல புஸ்ஸுனு காத்து, அப்புறம் நுரை, அப்புறம் குமிழி இல்லாம கூலன்ட் வரும், வந்ததும் மூடிடுங்க, அந்த இடம் பிளாஸ்டிக்கா இருந்தா விரல் பலத்துக்கு மேல கொஞ்சம் போதும்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விடுங்க. கால் மணி நேரம் பெருசா ஒண்ணும் நடக்காது, பொறுமையா பக்கத்துலயே நில்லுங்க. 82, 88 டிகிரி கிட்ட தெர்மோஸ்டாட் திறக்கும், அதுவரைக்கும் ஆறிக் கிடந்த ரேடியேட்டர் ஹோஸ் திடீர்னு சுடும், புனல்ல லெவல் சட்டுனு இறங்கும், உடனே ஊத்தணும். என் வண்டி அந்த நிமிஷத்துல முக்கால் லிட்டர் குடிச்சுது, அவ்வளவு காத்தோடதான் மலை ஏறியிருக்கோம்! இனிமே 2000, 2500 ஆர்பிஎம்ல அரை நிமிஷம் ரேஸ் குடுத்து விடுங்க, ரெண்டு மூணு தடவை செஞ்சா ஹீட்டர் கோர்ல ஒளிஞ்சிருக்குறதும் வந்துடும். முள்ளு நடுவ தாண்டினா யோசிக்காம ஆஃப் பண்ணிடுங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நின்னு, குமிழி நின்னு, ஹீட்டர் காத்து ஒரே சீரா சூடா வந்தா வேலை முடிஞ்சுது. எஞ்சின ஆறவிட்டு புனல எடுத்து மூடியப் போடுங்க, பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுநாள் காலைல திறந்து பாருங்க, கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊத்துங்க.

ரேடியேட்டர்ல மூடியே இல்லாம பிரஷர் டப்பா மட்டும் இருக்குற வண்டியா இருந்தா பெரும்பாலும் தானாவே காத்த தள்ளிடும், டப்பாக்குள்ள வர்ற மெல்லிசு ஹோஸ்ல கூலன்ட் ஓடுதான்னு மட்டும் பாருங்க. எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் வண்டில பம்ப ஓட்டவே வண்டி கம்ப்யூட்டரோட பேசுற ஸ்கேனர் வேணும்னு இருக்கும், மேனுவல்ல போட்டிருக்குற படிதான் செய்யணும்.

தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் கூலன்ட் வாங்கினா பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்துக்குங்க, போர் தண்ணி வேணாம், உள்ள உப்பு படியும். கீழ சிந்தினத நல்லா துடைச்சு அலசி விடுங்க, கூலன்ட்ல இருக்குற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், தெரு நாயோ பூனையோ நக்கினா கிட்னி போய் செத்துடும்.

ஒரு மணி நேரம் ஆகியும் குமிழி நிக்காம வந்துக்கிட்டே இருக்கா? அது ஏர் லாக் இல்ல, ஹெட் கேஸ்கெட் வழியா எரிஞ்ச கேஸ் கூலன்ட்ல கலக்குதுன்னு சந்தேகப்படணும். ரேடியேட்டர் வாய்ல வச்சு செய்ற ஒரு டெஸ்ட் இருக்கு, நீல திரவம் மஞ்சளா மாறினா கேஸ்கெட்தான். அந்த வண்டிய ஓட்டிட்டுப் போகாதீங்க, டோ பண்ணிக் கொண்டு போங்க.