எத்தனை மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்?

கேரளத்தின் இடுக்கி மலையில், வண்டிப்பெரியார், பீருமேடு, குமுளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், வீட்டார் முதலில் ஓடுவது கட்சிக்காரரிடம். இல்லையென்றால் ஸ்டேஷனில் முகம் தெரிந்த ஒருவரிடம். "கேஸ் இல்லாம விடச் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சுவதிலேயே முதல் ராத்திரி போய்விடும். மனு எழுதித் தருகிற என்னிடம் அவர்கள் வந்து சேர்வது மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான். அதற்குள் நடந்துவிடும் தவறுகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நேரத்தைக் குறித்து வைக்காதது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, ஆளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஆளைப் பிடித்த நிமிஷத்திலிருந்தே அந்தக் கணக்கு ஓடும். ஆனால் அதை ஏட்டில் எழுதுவது பிடித்தவர்களேதான். 2019இல் நெடுங்கண்டத்தில் நடந்தது நம் மலையில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் 12 அன்று பிடிக்கப்பட்டவருக்கு 15 அன்றுதான் கைது பதிவானது. பீருமேடு சப் ஜெயிலில் ரிமாண்டில் இருக்கையில் 21 அன்று இறந்துபோனார். முதல் பிரேதப் பரிசோதனை நிமோனியா என்றது. நீதிபதி நாராயண குறுப்பு கமிஷன் வந்து, உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பார்த்தபோதுதான் முதல் அறிக்கையில் இல்லாத காயங்கள் தெரிந்தன.

என்னிடம் வந்த ஒரு அக்கா, கணவரை "சாயங்காலம் கூட்டிட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னார். எத்தனை மணி என்றால் அழுகைதான். "கொழுந்து எடை போட்டாச்சா அப்போ?" என்று கேட்டேன். "அப்பத்தான் எடை போட்டுட்டுக் கூடையை இறக்குனேன்" என்றார். கடைசி எடை எத்தனை மணிக்கு என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். அதை எழுதி, கூட நின்ற இரண்டு பேரின் பெயரையும் சேர்த்தோம். ஸ்டேஷன் ஏட்டில் கைது மறுநாள் காலையில் இருந்தது. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம். வண்டி நம்பர், வந்தவர்கள் எத்தனை பேர், எங்கே வைத்துப் பிடித்தார்கள் என்பதை உடனே வாட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தச் செய்தியில் பதிந்த நேரம் பிறகு உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது கையெழுத்து. மலையாளம் நமக்கு வாயில் வரும், கண்ணில் வராது. கைது மெமோவில் (ஆளை எப்போது பிடித்தார்கள் என்ற போலீஸ் குறிப்பில்) வீட்டாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். அதில் எழுதியிருக்கும் தேதியும் மணியும் தப்பாக இருந்தாலும், நாம் போட்ட கையெழுத்து அதைச் சரியாக்கிவிடுகிறது. படித்துக் காட்டச் சொல்லுங்கள். நேரம் தவறென்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலேயே சரியான நேரத்தை எழுதுங்கள். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

மாஜிஸ்திரேட் முன்னால் வாய் திறக்காமல் நிற்பதுதான் எனக்கு மனசு தாங்காத தவறு. "பராதி உண்டோ?" (புகார் ஏதும் உண்டா?) என்று அவர் கேட்கும்போது பக்கத்தில் நிற்பவர் யார் என்ற பயத்தில் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். அந்த ஒரு கேள்விதான் போலீஸுக்கு வெளியே இருக்கும் முதல் கண். அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், டாக்டரிடம் அனுப்பச் சொல்ல வேண்டும். கைதானவுடன் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். அதன் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ உரியது. வக்கீலுக்குப் பணமில்லை என்று சும்மா இருக்கவும் வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பிடித்தது போலீஸ் இல்லை, வனத்துறை, அல்லது செக்போஸ்ட் எக்சைஸ் என்றாலும் 24 மணி நேரக் கணக்கு அதேதான்.

புகாரை அதே ஸ்டேஷனிலோ அதன் மேலதிகாரியிடமோ மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது வீண். கேரளத்தில் 2011ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டப்படி போலீஸ் புகார் ஆணையம் இருக்கிறது. டிஎஸ்பி வரையிலான அதிகாரிகள் மீதான புகாரை மாவட்ட ஆணையம் பார்க்கும். எஸ்பி, அதற்கு மேல் உள்ளவர்கள் மீதானதும், காவல் மரணம், கொடுங்காயம் போன்றவையும் மாநில ஆணையத்துக்குப் போகும். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதும்போது பலரும் டெல்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஒரே மனுவை அனுப்புகிறார்கள். மாநில ஆணையம் ஏற்கனவே எடுத்த விஷயத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்புங்கள். தேசிய ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. ஆணையம் தண்டனை தராது, பரிந்துரைதான் செய்யும். அதனால் நீதிமன்ற வழியை விட்டுவிடாதீர்கள்.

சிசிடிவியை மறப்பது இன்னொன்று. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றது. கேரளத்தின் குன்னங்குளம் ஸ்டேஷனில் 2023 ஏப்ரலில் ஒருவரைப் போலீஸ் அடித்த காட்சி, தகவல் உரிமைச் சட்டத்தில் விடாமல் கேட்டுப் போராடிய பிறகு 2025 செப்டம்பரில்தான் ஊர் பார்க்க வெளியே வந்தது. "இந்தத் தேதி, இந்த மணி முதல் இந்த மணி வரையிலான பதிவை அழிக்காமல் வையுங்கள்" என்று முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்து, வாங்கியதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயிலுக்குள் போய்விட்டால் யாரோ தானாக வந்து பார்ப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. எல்லாக் காவல் இடங்களுக்கும் முறைவைத்துத் திடீரென்று போய்ப் பார்க்கும் தனி அமைப்பு நமக்கு இல்லை. மனித உரிமை ஆணையம் ஜெயிலுக்குப் போகலாம். அதன் சட்டத்தில் 2006இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவும் தேவையில்லை. ஆனால் எந்த ஜெயில், எந்த ஆள் என்று யாராவது அவர்களுக்கு எழுத வேண்டும். பார்க்கப் போகும்போது அவர் நடக்கிற விதத்தையும் சாப்பிடுகிறாரா என்பதையும் கவனித்து, வீட்டுக்கு வந்ததும் தேதியோடு குறித்து வையுங்கள்.

தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த அக்கா மனுவைத் தன் கையாலேயே தமிழில் எழுதினார். நான் சொன்னது மணிக்கணக்கை மட்டும்தான்.