பெயிண்ட் வாசமும் மூன்று வாரமும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். சுவருக்குத் தண்ணீர் கலக்கும் எமல்ஷன். கதவுக்கும் இரும்பு கிரிலுக்கும் தின்னர் கலந்த எண்ணெய்ப் பெயிண்ட். ஐந்தாம் நாளும் எனக்குத் தலைவலி, கண் எரிச்சல். ஆஸ்துமா உள்ள அம்மாவுக்கோ இரவெல்லாம் இருமல்.

ஜன்னலைச் சாத்தி ஏர்கான் போட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. எங்கள் வீட்டில் இருப்பது ஸ்பிலிட் ஏர்கான். அது உள்ளே இருக்கிற காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடும், அவ்வளவுதான். யாரோ சொன்னார்களென்று வெங்காயத்தை நறுக்கி வைத்தேன். வெங்காய வாசமும் சேர்ந்துகொண்டது.

கிளினிக் டாக்டர், இன்ஹேலர் கொடுத்ததோடு "முதலில் அம்மாவை அந்த வீட்டிலிருந்து மாற்றுங்கள்" என்றார். கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போன இரண்டே நாளில் இருமல் அடங்கியது.

அப்புறம் மேசை விசிறியை ஜன்னலோரம் வெளியே பார்க்கும்படி வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டேன். உள்காற்றை விசிறி வெளியே தள்ள, அந்தப் பக்கமாகப் புதுக்காற்று வந்தது. மழை இல்லாத நேரமெல்லாம் இதே வேலை. மிச்ச பெயிண்ட் டின் மூடி சரியாக மூடாமல் சிங்க்குக்கு அடியில் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்! காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: ஹெபா வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும், பெயிண்ட் ஆவிக்கு அதை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும்.

மூன்றாம் வாரம் அம்மா திரும்பினார். கதவை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். தீபாவளியா? கிள்ளானில்தான்.