டயாலிசிஸ் வார்டு வாசலில் வேதம் வாசிப்பது எப்படி

புதுவருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வேதவசனம் என்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் பைபிளின் 88ஆம் சங்கீதம் யாருக்காவது வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. ‘எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று முடிகிற சங்கீதத்தை ரோஜாப்பூப் படத்தோடு யார் அச்சடிப்பார்கள்? ஆனால் வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று தடவை நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கும்போது கைகொடுக்கிறது இந்தப் பக்கங்கள்தான். என் வீட்டுக்காரருக்கு அப்படி ஆன பிறகு எனக்குப் பிடிபட்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் சாப்பிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவு கேட்டபோது வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு இல்லை. இன்னொரு தரம் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம் (1 இராஜாக்கள் 19). ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிற நாம் டீயிலேயே பொழுதை ஓட்டிவிட்டு அதற்கு உபவாசம் என்று பெயர் வைக்கிறோம். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் அளவுதான். காலையில் ஒரு பாட்டிலில் பிடித்துவைத்தால் மாத்திரை, காபி எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அவர் முன்னால் மடக்மடக்கென்று குடிக்க எனக்குக் கூசும். அதற்காக நானும் நாக்கு வறண்டு கிடந்தால் யாருக்கு லாபம்? வராந்தாவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன்.

பிறகு 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். மனசுக்குள் வாசிக்காமல், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவுக்காவது உதட்டை அசைத்து வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று தாவீது கேட்கிறான். அங்கே நிறுத்தி உங்கள் கேள்வியையும் கேளுங்கள். ‘எதுவரைக்கும் இந்த ஊசி? எதுவரைக்கும் கடன்?’ ஆறாம் வசனத்தில் தாவீது பாட ஆரம்பித்துவிடுகிறான். உங்களுக்கு அன்றைக்குப் பாட்டு வரவில்லையென்றால் இரண்டாம் வசனத்தோடு மூடிவையுங்கள். அதுவும் ஜெபம்தான்.

சந்தோஷம் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு ஆபகூக் தீர்க்கதரிசியின் புஸ்தகம் மூன்றாம் அதிகாரம், கடைசிப் பகுதி. கூடவே ஒரு நோட்டும் பேனாவும். பாபிலோன் படை வரப்போகிறது என்று தெரிந்த மனுஷன் அவர். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று போகக்கூடியதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான், ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்கிறார். அதே மாதிரி எழுதுங்கள். என் நோட்டில், ‘கடையை மூடினாலும், வளையல் பேங்கிலிருந்து திரும்பாமற்போனாலும், மகள் கல்யாணப் பேச்சு நின்றுபோனாலும்’ என்று வேத நடையிலேயே இருக்கும். பூசி மெழுகாதீர்கள், நடுராத்திரியில் எதை நினைத்து முழிப்பு வருகிறதோ அதையே எழுதுங்கள். அதன் கீழே ஆபகூக்கின் வரியை அப்படியே பார்த்து எழுதுங்கள். நம்பிக்கை வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம். எழுதும்போது சிரிப்பு வந்துவிடாது. ஆனால் பயத்தை எல்லாம் பெயர் சொல்லிக் கர்த்தர் முன்னால் வைத்த அன்றைக்கு, ஊசி போடுகிற பையனை என் வீட்டுக்காரர் கேலி பண்ண, வார்டே சிரித்தால், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். முன்பெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்குக் காதிலேயே விழாது.

விசாரிக்க வருகிறவர்களைப் பற்றியும் ஒன்று. ‘எந்தப் பாவத்துக்கோ’ என்று இழுக்கிறவர்களுக்கு யோவான் 9:3ஐ வாசித்துக் காட்டுங்கள். பிறவிக்குருடனைப் பற்றி, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார். ‘விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்துங்கள்’ என்று சொல்கிறவர்களோடு வாதாடவே வேண்டாம், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒரு தடவைகூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. அப்போஸ்தலன் பவுல் கூடவே இருந்த லூக்கா வைத்தியர்தானே. உங்களுக்கே தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உதவி கேட்கக் கூச்சமாக இருந்தால் 2 தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தைப் பாருங்கள். சிறையிலிருந்து பவுல், துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களைக் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்று எழுதுகிறார். என்ன பொருள், யாரிடம் இருக்கிறது, எப்போது வேண்டும், எல்லாம் இருக்கிறது. நானும் அப்படித்தான் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டேன்: செவ்வாய்க்கிழமை காலை பத்து முதல் இரண்டு வரை மாமியாரோடு ஒருவர் இருக்கவேண்டும், உப்பில்லாத சாதம் போதும். ஜெபக்குறிப்பு எழுதும் சீட்டிலேயே கிழமையையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.