சிக்டெர்ம் வந்தாலும் தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு வெளியேறும் பைத்தான் நிரல்

சிங்கப்பூரின் தேக்காவில் உள்ள ஒரு நிறுத்தத்துக்குப் பேருந்துகள் வந்துசேரும் நேரத்தை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவையிலிருந்து நிமிடத்துக்கொரு முறை எடுத்துச் சேமிக்கும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை லினக்ஸ் கணினியில் ஓடவிட்டிருந்தேன். சில வாரங்கள் கழித்து டெம்ப் அடைவைத் திறந்தால், பாதி எழுதிய தற்காலிகக் கோப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றை அழிக்கும் வரி, டிரை பகுதியில் விதிவிலக்கு (பிழை போன்ற இடையூறு) எழுந்தாலும் கடைசியில் இயங்கும் ஃபைனலி பகுதியில் இருந்தும் அது இயங்கவே இல்லை.

கன்ட்ரோல் சி அழுத்தினால் வரும் சிக்இன்ட் சமிக்ஞையைப் பைத்தானே ஒரு விதிவிலக்காக மாற்றிக்கொள்வதால், ஃபைனலி தவறாமல் இயங்கும். ஆனால் கில் கட்டளையும், கணினியை நிறுத்தும்போது லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் அனுப்புவது, நிரலை முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சமிக்ஞை. அதன் எண் 15. அதற்கென்று நாம் எதுவும் எழுதாவிட்டால், நிரல் நின்ற இடத்திலேயே முடிந்துவிடும்.

முதலில், சமிக்ஞை எண், ஃபிரேம் (நிரல் அப்போது இயங்கிக்கொண்டிருந்த இடத்தின் விவரம்) ஆகிய இரண்டையும் பெறும் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். அதற்குள் சிஸ் தொகுப்பின் எக்ஸிட்டை, 128 உடன் சமிக்ஞை எண்ணைக் கூட்டி அழைக்கும் ஒரே வரி போதும். எக்ஸிட்டும் விதிவிலக்கையே எழுப்புவதால், கோப்பை அழிக்கும் வேலையை ஃபைனலி பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, சிக்னல் தொகுப்பின் வழியாக அந்தச் செயற்கூறைச் சிக்டெர்முக்குப் பதிவு செய்யுங்கள். கோப்பை உருவாக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நான் முதன்முறை வரிசையை மாற்றி எழுதிவிட்டு, ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன். கோப்பின் பெயரை ஏந்தும் மாறிக்கு டிரைக்கு முன்பே, ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் நன் என்ற மதிப்பைத் தந்துவிட்டு, டிரைக்குள் கோப்பை உருவாக்குங்கள். மாறி நன்னாக இல்லாதபோது மட்டும் ஃபைனலி அதை அழிக்கட்டும்.

இனிச் சோதனை. நிரலை ஓடவிட்டு, வேறொரு முனையத்திலிருந்து அதன் செயல்முறை எண்ணுக்குக் கில் கொடுங்கள். நிரல் முடிந்ததும், அது ஓடிய முனையத்தில் வெளியேறும் குறியீட்டைப் பார்த்தால் 143 என்றிருக்கும். கோப்பும் இருக்காது.

அதையே கில் ஒன்பதாகக் கொடுத்தால் கோப்பு அப்படியே கிடக்கும், ஏனெனில் அது அனுப்பும் சிக்கில் சமிக்ஞையை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓடவிடும் டாக்கரின் ஸ்டாப் கட்டளையும், இயல்பாக 10 விநாடிகள் பொறுத்தும் நிரல் முடியாவிட்டால் அதைத்தான் அனுப்புகிறது. ஆகவே கோப்பின் பெயரில் செயல்முறை எண்ணையும் சேர்த்து வைத்து, நிரல் தொடங்கும்போதே, உயிரோடு இல்லாத எண்களைத் தாங்கிய பழைய கோப்புகளைக் கூட்டித் தள்ளும் சில வரிகளை எழுதிவிடுங்கள்.