சென்னைக் கடற்கரையில் சூரிய உதயம்: படம் எடுப்பதும் திருத்துவதும்

வெளிநாட்டுப் பாடங்களில், பொன்னொளி ஒரு மணி நேரம் நிற்கும் என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கு சென்னைக்குப் பொருந்தாது. நம் ஊர் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் சூரியன் தொடுவானத்தை ஒட்டிச் சாய்ந்து நகராமல் ஏறக்குறைய நிமிர்ந்தே ஏறும். மேல் விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் கடலை விட்டு வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அடுத்த அரை மணிக்குள் வெளிச்சம் வெளுத்துவிடும். வண்ணத்தில் பெரும்பகுதி உதயத்துக்கு முன்பே வந்து போய்விடுகிறது. மேகம் இருக்கும் நாளில் உதயத்துக்கு 20 நிமிடம் முன்பிலிருந்து 10 நிமிடம் முன்பு வரைதான் உச்சம். சூரியன் தெரியும்போது கேமராவை எடுப்பவருக்கு அன்றைய நல்ல படம் ஏற்கெனவே போயிருக்கும். எனவே உதயத்துக்கு 50 நிமிடம் முன்பே மணலில் நிற்க வேண்டும்.

உதய நேரம் ஜூன் தொடக்கத்தில் 5.42 வாக்கில் இருக்கும்; ஜனவரிக் கடைசியில் 6.35 ஆகிவிடும். நேரத்தோடு திசையும் மாறும், பலர் கவனிக்காதது இதுதான். மார்ச், செப்டம்பர் 20 தேதிகளை ஒட்டித்தான் நேர் கிழக்கு. ஜூன் 21 வாக்கில் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே, டிசம்பர் 21 வாக்கில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கும். பெசன்ட் நகரில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் வளைவுக்குள் சூரியனை நிறுத்த ஆசைப்பட்டால், டிசம்பரில் அதற்கு மேற்கே சற்று வடக்கே ஒதுங்கி நிற்க வேண்டும். ஜூனில் சற்றுத் தெற்கே. போட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகளில் தேதியைக் கொடுத்தால் வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டும். முந்தின நாள் மாலை போய் இடத்தைப் பார்த்து வைத்தால், இருட்டில் தடவ வேண்டியிருக்காது.

எந்த நாள், எந்த இடம்

துடைத்துவிட்டது போன்ற வானம் பார்க்க அழகு, படத்துக்கு வறட்சி. தலைக்கு மேலே மெல்லிய உயர் மேகமும், கடலோரக் கிழக்கில் திறப்பும் இருக்கும் நாளே நாள். முந்தின இரவு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இன்சாட் படத்தைத் திறந்து, சென்னைக்கு மேலே மட்டுமல்லாமல் கிழக்கே 200, 300 கிலோமீட்டர் வரை வங்கக் கடலையும் பாருங்கள். அங்கே தடித்த மேகத் திட்டு இருந்தால், நம் தலைக்கு மேலுள்ள மேகத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் வராது. விடியல் சாம்பல் நிறத்திலேயே முடியும். தொடுவானத்தில் மட்டும் மெல்லிய மேகக் கரை இருந்தால் கிளம்பிவிடலாம். சூரியன் ஐந்து பத்து நிமிடம் தாமதமாக, அந்தக் கரைக்கு மேலே தலைகாட்டும்.

வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மழைக்கு நடுவே வெறிக்கும் காலைகள் ஆண்டின் மிகச் சிறந்தவை. காற்றில் தூசி இருக்காது, மேகம் அடுக்கடுக்காக நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஈரப்பதத்தால் தொடுவானம் மங்கி, சூரியன் சிவப்பு வட்டமாக மட்டும் வரும். அந்த நாட்களில் அகல லென்ஸை வைத்துவிட்டு தூரத்தைக் கிட்டே இழுக்கும் 200 மிமீக்கு மேற்பட்ட டெலி லென்ஸை எடுத்துப் போங்கள். போகியன்று வேண்டாம், புகைமூட்டத்தில் கடலே தெரியாமல் போகும்.

நம் கடற்கரையின் சிக்கல் அதன் தட்டைத்தன்மை. மணல், கடல், வானம் என்று மூன்று பட்டைகள் மட்டும் இருந்தால் அது எந்த ஊர்ப் படமாகவும் இருக்கலாம். முன்னால் ஏதாவது ஒன்று வேண்டும்: கரையேற்றிய ஃபைபர் படகு, குவித்த வலை, நங்கூரக் கயிறு, வடசென்னையில் கடலரிப்பைத் தடுக்கக் கட்டிய தூண்டில் வளைவுகளின் கருங்கல். காசிமேட்டில் படகுகளும் ஆட்களும் விடிவதற்கு முன்பே நகரத் தொடங்கிவிடுவார்கள். மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், ஏலம் நடக்கும் வழியில் ட்ரைபாடை விரிக்காதீர்கள். அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம் மேற்கிலிருந்து பார்த்தால் சூரியனுக்கு முன்னால் கருநிழலாக அருமையாக நிற்கும், ஆனால் இருட்டில் தனியாகப் போகக்கூடிய இடமில்லை. மெரினாவில் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உதயமாகிப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்: காமராஜர் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் ஆகியவற்றின் முகப்பில் மஞ்சள் வெளிச்சம் நேராக விழுந்திருக்கும். மேகமே இல்லாத நாளுக்கு இதுதான் கைகொடுக்கும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வளாகம் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஜூனில் அதற்குள் சூரியன் ஏறிவிடும். டிசம்பர், ஜனவரியில் போனால் உதயத்துக்கு முன்பே உள்ளே இருக்கலாம். ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறையின் அனுமதி தேவை.

உப்பு, ஈரம், மணல்

ஏசி அறையில் இரவு முழுக்கக் கிடந்த லென்ஸைக் கடற்கரையில் திறந்தால் உடனே வியர்த்துவிடும். நம் காற்றின் ஈரப்பதத்துக்கு 24 டிகிரி கண்ணாடி போதும், நீர் படிய. துடைத்தால் மறுபடி படியும். முதல் நாள் இரவே பையை ஏசி இல்லாத கூடத்தில் வையுங்கள். மறந்துவிட்டால், பையைத் திறக்காமல் அரை மணி வெளிக்காற்றில் விட வேண்டும்.

கடல் சாரல் கண்ணுக்குத் தெரியாமலே லென்ஸில் படியும். படம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சூரியனைச் சுற்றி மங்கிய வெண்மை தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். உப்புக் காய்ந்திருந்தால் வெறும் துணியால் தேய்க்க வேண்டாம், கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது.

ஈர மணலில் ட்ரைபாட் இறங்கும். அலை வடியும்போது காலுக்கடியில் இருக்கும் மணலையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு நொடிக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால் படம் மசமசவென்று வருவதற்குக் காற்றைவிட இதுதான் காரணம். கால்களை நன்றாக அழுத்தி நட்டு, ஓர் அலை வந்துபோக விட்டு, கால்கள் மணலில் இறங்கி நின்றபின் எடுங்கள். காலின் கடைசி, மெல்லிய பகுதியை முதலில் நீட்டினால் பூட்டு மூட்டுகள் தண்ணீருக்கு மேலே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபைண்டருக்குள் பார்க்காதீர்கள். மெரினாவில் கரை சட்டென்று சரியும். பருவமழைக் காலத்தில் முழங்கால் தண்ணீரே ஆளை இழுக்கும்.

எடுக்கும்போது

ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக எடுங்கள். வைட் பேலன்ஸை (வெள்ளை எப்படித் தெரிய வேண்டும் என்ற வண்ணக் கணக்கு) ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் செம்மையைத் தவறு என்று எண்ணிச் சரிசெய்யும். 5300 கெல்வினை ஒட்டிப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100. ட்ரைபாடில் இருக்கும்போது அதிர்வுக் குறைப்பை அணைத்து, 2 நொடி டைமரில் எடுப்பது நல்லது.

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பலின் விளக்கைத் திரையில் பெரிதாக்கி, அதில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். முன்னால் படகோ கல்லோ மிக அருகில் இருந்தால் இது போதாது. முழு ஃபிரேம் கேமராவில் 16 மிமீ லென்ஸ், எஃப் 11 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறிது) என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தாலே அரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும். 24 மிமீ என்றால் இரண்டு மீட்டரில். எஃப் 16க்கு மேல் போனால் எல்லாமே சற்று மழுங்கும். படகு விளிம்பிலோ தென்னை மட்டையிலோ சூரியனை நட்சத்திரமாக்க விரும்பினால் மட்டும் எஃப் 16.

வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். வானத்துக்கான ஷட்டர் நேரத்துக்குத் தொடக்கப் புள்ளியாக, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்துச் சொன்னால்: உதயத்துக்கு 35 நிமிடம் முன்பு 15 நொடி; 25 நிமிடம் முன்பு 4 நொடி; 15 நிமிடம் முன்பு அரை நொடி; 5 நிமிடம் முன்பு 1/20; சூரியன் கடலைத் தொட்டு நிற்கையில் 1/125 அல்லது அதற்கும் வேகம். மேகத்தைப் பொறுத்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) இப்படியும் அப்படியும் போகும்.

இதைவிட முக்கியம் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம். அதில் மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வெள்ளை வரைகோட்டை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் சிவப்புச் சேனல் அதற்குள் வெடித்திருக்கும். மூன்று வண்ணமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் மோதாதபடி எக்ஸ்போஷரைக் குறையுங்கள். சிவப்பு போய்விட்டால் சூரியனைச் சுற்றிய இடம் தட்டையான மஞ்சள் திட்டாகிவிடும். அதை எந்தச் செயலியும் திருப்பித் தராது. நிழலில் கிடக்கும் மணலை ரா கோப்பிலிருந்து மீட்டுவிடலாம். சூரியன் வந்த பிறகு வித்தியாசம் அதிகமாகிவிடும்; அப்போது இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து வையுங்கள். கடல் கோடு நேராக இருப்பதால் மேல்பாதி மட்டும் இருண்டிருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரும் நம் கரையில் நன்றாக வேலை செய்யும்.

அலைக்கு எந்த வேகம் என்பது உங்கள் ரசனை. 20 நொடியில் தண்ணீர் பனியாகிவிடும். அமைதி இருக்கும், ஆனால் வங்கக் கடலின் இரைச்சல் போய்விடும். கால் நொடிக்கும் அரை நொடிக்கும் இடையில் எடுப்பதே இந்தக் கரைக்கு ஏற்றது. அலை ஏறும்போது அல்ல, ஏறி நின்று வடியத் தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். நுரை கோடு கோடாக இழுபட்டு, நடுவே கண்ணாடி போன்ற ஈர மணலில் வானத்தின் நிறம் விழுந்திருக்கும். ஏறும் அலையில் அந்தக் கோடுகள் வராது.

சூரியன் பெரிதாக வேண்டுமென்றால் கணக்கு எளிது: லென்ஸின் மிமீயை 110 ஆல் வகுத்தால் சென்சாரில் சூரியனின் அளவு. 16 மிமீயில் அது கடுகு, 400 மிமீயில் 3.6 மிமீ. டெலியில் சூரியனைக் ஃபைண்டர் வழியே நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும், பின்திரையில் பாருங்கள்.

ஃபோனில் எடுப்பவர்கள் லென்ஸைத் துடைத்துவிட்டு, வானத்தின் பிரகாசமான பகுதியை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, சற்றுக் கீழே இழுத்தாலே பாதி வேலை முடிந்தது. ப்ரோ மோடில் ரா இருந்தால் அதை இயக்குங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம்.

திருத்தும்போது

லைட்ரூமோ, காசு கொடுக்காமல் கிடைக்கும் டார்க்டேபிளோ, எதிலும் வரிசை ஒன்றுதான். முதலில் லென்ஸ் திருத்தம், பிறகு தொடுவானத்தை நேராக்குவது. அரை டிகிரி சாய்ந்தாலும் கடல் வழிந்து ஓடுவது போலிருக்கும். வேலை செய்யும்போது திரையின் நீல ஒளி வடிகட்டியை அணைத்திருங்கள். இல்லாவிட்டால் மறுநாள் படம் நீலமாகத் தெரியும்.

அடுத்து வைட் பேலன்ஸ். இங்கேதான் அதிகம் கெடுகிறது. விடியலில் செம்மை மட்டும் இல்லை. மேலே நீலம், நடுவே வெளிர் ரோஜா, கீழே ஆரஞ்சு என்று ஒன்றுக்கொன்று எதிரான வண்ணங்கள் இருக்கின்றன. கெல்வினை 7500க்கு ஏற்றினால் அந்த நீலம் செத்து, படம் முழுக்க ஆரஞ்சுத் திரை விழும். 5000 முதல் 5800க்குள் நில்லுங்கள். வெம்மை கூடுதலாக வேண்டுமென்றால் மாஸ்க் (திருத்தம் விழும் இடத்தைக் குறிக்கும் மறைப்பு) போட்டுச் சூரியனை ஒட்டிய பகுதிக்கு மட்டும் கொடுங்கள்.

வெளிச்சப் பகுதிகளான ஹைலைட்ஸை -60 வரை இறக்கலாம். நிழல் பகுதிகளான ஷேடோஸை +30, அதிகம் போனால் +40. அதற்கு மேல் தூக்கினால் படகின் நிழல் பக்கம் நண்பகல் போல வெளுத்து, நம்பும்படி இருக்காது. கருநிழல் கருப்பாகவே இருக்கட்டும். மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் நம் ஊர் மங்கலுக்கு உதவும்தான், ஆனால் 15க்கு மேல் போனால் வானத்தில் பொரிபொரியாக நாய்ஸ் வரும், படகைச் சுற்றி விளிம்பு கட்டும். எல்லா வண்ணத்தையும் ஒரேயடியாக ஏற்றும் சாச்சுரேஷனைத் தொடாமல், மங்கிய வண்ணங்களை மட்டும் அதிகம் ஏற்றும் வைப்ரன்ஸை 10, 15 கூட்டினால் போதும்.

மூன்று படங்களை இணைக்கும்போது இருட்டான படத்திலிருந்து சூரியனையும் அதைச் சுற்றிய வானத்தையும் மட்டும் எடுங்கள். மாஸ்க்கின் ஓரம் அகலமாக மங்கியிருக்க வேண்டும். அலைகள் மூன்றிலும் வேறுவேறு இடத்தில் இருக்கும் என்பதால் கடலை ஒரே படத்திலிருந்து வையுங்கள். முடிந்ததும் ஈர மணலின் பிரதிபலிப்பைப் பாருங்கள்: அது வானத்தைவிடச் சற்று இருண்டிருக்க வேண்டும். மணலில் விழுந்த வானம் நிஜ வானத்தைவிடப் பளிச்சென்று இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று தோன்றும்.

எஃப் 11இல் எடுத்த வானத்தில் சென்சார் தூசி புள்ளிபுள்ளியாகத் தெரியும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரிசையாகத் துடையுங்கள். ஷார்ப்பனிங்கை மாஸ்க் வைத்துப் படகுக்கும் கல்லுக்கும் மட்டும் கொடுங்கள், வானத்துக்குத் தேவையில்லை. வானம் படிப்படியாகப் பட்டை விழுந்தால், 8 பிட் ஜேபெக்கில் திருத்தியிருக்கிறீர்கள் என்று பொருள்; ரா கோப்புக்குத் திரும்பி 16 பிட்டில் செய்யுங்கள். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி வண்ண முறை, நீளப்பக்கம் 2048 பிக்சல், தரம் 85. அச்சுக்குத் தனியாக ஒரு 16 பிட் டிஃப் சேமித்துவிட்டு, ஒரு சிறிய மாதிரி அச்சு போட்டுப் பாருங்கள். திரையில் தெரிந்ததைவிட நிழல்கள் இருண்டுதான் வரும், அதற்கேற்ப ஷேடோஸை மட்டும் சற்று ஏற்றிக்கொள்ளலாம்.